உன் அக்காவின் மருந்து விஷயமாக

மேரு, கிள்ளான்
14.3.1993

அன்புள்ள மைத்துனன் விஜயனுக்கு அத்தான் பக்கிரிசாமி எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் நலம், அங்கு நீயும் ஸ்வீடன் குளிரும் நலமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று. உன் அக்கா சீதாலெட்சுமிக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதிக்கிற மருந்துக்கு அவள் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடு. உடனே கொடு.

நீ எழுதியதை நான்கு தரம் படித்தேன். நரம்பை வளர்க்கிற ஒரு சத்து இருக்கிறது, அதை மூளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் ஞாபகத்துக்கான நரம்பு பிழைக்கலாம், கிழட்டு எலிகளுக்கு மறந்துபோன வழிகூடத் தெரிந்துவிட்டது, எல்லாம் சரி. அந்தச் சத்தை ஆண் சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுக்கிறோம் என்று ஏனப்பா எழுதித் தொலைத்தாய்? நானும் ஒரு மடையன், அதைப் போய் அவளிடம் படித்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கடித்த மாம்பழத்தைத் தொட்டவள் இல்லை உன் அக்கா. "சீ, கருமம்! எலி எச்சிலா? நீங்க குடிங்க!" என்று கத்திவிட்டு, இரண்டு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. என் பேர் மறந்துபோச்சு, எச்சில் மட்டும் மறக்கலை. விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும், அதனால் மண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

பாஸ்போர்ட் எடுக்கக் கோலாலம்பூர் போனோம். பிரிக்பீல்ட்ஸில் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும், "தம்பி, இந்த ஆளு பஸ்ஸுல இருந்து என் பின்னாலேயே வராரு, கொஞ்சம் விசாரிங்க" என்றாள். அங்கே இருந்த நாலு பேரும் என் சட்டையைப் பிடித்தார்கள். "வயசான காலத்துல வெக்கமா இல்லையா அங்கிள்?" நான் புருஷன்ப்பா என்றால், "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்கிறான் ஒருவன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன், ஒரு பயல் என் சட்டையைத் தொட்டதில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்கு முடி கறுப்பா இருக்கும். பார்சல் ஆபீஸ்ல இருக்காரு, ஆறு மணிக்கு வந்துடுவாரு" என்றாள். வந்துட்டேண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் விஜயா. இப்போதும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். சட்டையைப் பிடித்தவனே தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தான்.

வலி இருக்கும், உடம்பு இளைக்கும், குணமாகும் என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தாய். எனக்கு முழுசாகக் குணமாக வேண்டாம். ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்து "என்னங்க" என்று கூப்பிட்டால் போதும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள். உன் அக்காவின் ஆசியையும் நானே சேர்த்து எழுதிவிட்டேன், கேட்டால் விஜயன் யாரு என்பாள்.

அன்புடன்,
பக்கிரிசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், மண்டை ஓட்டை உட்பட. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். "பாவங்க அந்தம்மா. எதுக்குன்னே தெரியாம வலிய மட்டும் தாங்கணும். வேணாம்னு எழுதச் சொல்லுங்க" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அந்த மனுசன் இப்படி அழுவுறாரே, அவரப் பாத்துக்க ஆளு இல்லையா?" என்று கேட்டாள்.

இருக்காங்க என்றேன்.

பெயரைக் கொடுக்காதே விஜயா.