எந்த சரோஜா?

"யாருங்க இந்த சரோஜா?"

பிள்ளை பெற்று இரண்டு நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மனைவி கேட்டாள். தையல்காரருக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

வராந்தா பெஞ்சில் அசந்து கிடந்தவரை நர்ஸ் எழுப்பி, "பொண்ணு பிறந்திருக்கு. பேர் யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டபோது வாய் தானாக "சரோஜா" என்றது. இரண்டு தரம் அளக்காமல் துணியில் கத்தரி வைக்காத மனிதர், பேரை மட்டும் எப்படி அளக்காமல் வெட்டினார் என்று அவருக்கே விளங்கவில்லை.

"நல்ல அர்த்தம்மா. குளத்துல பிறந்தது. அதாவது தாமரை..."

"அர்த்தம் யார் கேட்டா? எந்தக் குளத்துல பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

"அத்தை... என் அத்தை பேரு."

மனைவி உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நமக்கு ஏதுடா அத்தை? அப்பா ஒத்தைப் பிள்ளையாச்சே!"

"அத்தை இல்ல. டீச்சர். சின்ன வயசுல..."

"உங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஆம்பளை வாத்தியாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வேர்த்துக் கொட்டியது. "கடைக்குத் துணி தைக்கக் குடுக்க வர்ற ஒரு அம்மா..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓகோ! அளவெல்லாம் எடுத்தாச்சா?" என்றார் மாமியார், பிளாஸ்க்கை டங்கென்று வைத்து.

"வேண்டாம் தாயே, பேரையே மாத்திடலாம்!"

"ஏன் மாத்தணும்? மடியில கனமா?" மனைவியின் கண் கலங்கியது. "இவ யாருன்னு தெரியற வரைக்கும் நானும் குழந்தையும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டோம்."

தையல்காரர் நேற்றுதான் வீட்டில் தொட்டில் கட்டியிருந்தார். ஒரு சாண் நீளத்தில் ஆறு கவுன் வேறு தைத்து மடித்து வைத்திருந்தார். நினைவில் எங்கெங்கோ தேடினார். ஒரு சரோஜாகூடத் தட்டுப்படவில்லை. ஒருவேளை இருந்து, தான்தான் மறந்துவிட்டோமோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்போது மூலை நாற்காலியிலிருந்த மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"விடும்மா. மாப்பிள்ளை சொக்கத் தங்கம். பேருக்கு என்ன குறைச்சல்? லட்சணமா இருக்கு. அதையே வெச்சிரலாம்."

இத்தனை பேரில் தனக்கென்று பேச ஒருவராவது இருக்கிறாரே என்று தையல்காரருக்கு ஆறுதலாக இருந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே வந்த நர்ஸ், இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லையே பெரியவரே, காரியத்தைச் சாதிச்சிட்டீங்களே! அன்னிக்குப் பெஞ்சுல தூங்கிட்டிருந்த மாப்பிள்ளை காதுல 'சரோஜா, சரோஜா'ன்னு விடாம ஓதிட்டே இருந்தீங்களே, அது வீண் போகலை!"