கமீலாவின் நாடகமும் நாலு சனல் பெட்டியும்

மருதமுனை
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் பர்ஸானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டார் வெயிலில் நீங்கள் கருகிப் போகாமல் அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே உங்கள் றாத்தா கமீலா சுகம், பிள்ளைகள் சுகம், நானும் என் சீனி வருத்தமும் சேர்ந்து சுகம். வட்ஸப் இருக்க இந்த முத்தலிப் மச்சான் ஏன் தாளும் பேனையுமாக வந்திருக்கிறான் என்று யோசிப்பீர்கள். என் போன் எந்நேரமும் உங்கள் றாத்தாவின் கையில்தான். அவள் கண்ணில் படாமல் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. ஆகையால் நாளைக்குக் கட்டாருக்குப் பயணம் போகும் அடுத்த வீட்டு அக்ரமிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று: நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்.

கசெட் போட்டு டீவியில் ஓடுவதைப் பதிகிற எங்கள் வீட்டு டெக் உங்களுக்கு ஞாபகமிருக்கும். இலங்கையில் உயிரோடு இருந்த கடைசி டெக் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் றாத்தா பார்க்கிற துருக்கி நாடகத்தை அந்தச் சனல்காரன் சரியாக மஃரிப் நேரத்தில்தான் போடுவான். அவள் தொழுகையையும் விட மாட்டாள், நாடகத்தையும் விட மாட்டாள். பாங்கு சொன்னதும் டெக்கின் பொத்தானை அமத்திவிட்டுத் தொழப் போவாள், ஓதி முடித்து இஷாவையும் தொழுதுவிட்டு வந்துதான் போட்டுப் பார்ப்பாள். மூன்று வருடமாக இப்படித்தான். நாடகம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, எனக்கு ஒரு பழைய கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிற ஆசை வந்து, பூஞ்சணம் பிடித்த கசெட் ஒன்றைப் போட்டேன். டெக் அதை விழுங்கியது, இருமியது, நின்றது. பாண்டிருப்பில் ரேடியோ திருத்துகிற பிரகாஸ் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிது நானா. இதுக்கு மாத்த ஹெட்டும் இல்ல, திருத்த ஆளும் இல்ல" என்று மையத்தை அடக்கப் போகிற வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னான். அந்த நாடகம் யூரியூப்பிலும் கிடையாது. நெஸ்ரின் என்ற அந்தப் பெண் கடைசியில் பிழைப்பாளா, சாவாளா என்பது கமீலாவுக்குத் தெரியாமலே போகப் போகிறது, அதுவும் என்னால்.

அவள் அழவில்லை, ஏசவில்லை. என்னோடு கதைக்கிறதை நிப்பாட்டினாள். சோறு வரும், கறி வரும், சொல் வராது. "பிளேண்டி ஆறுது, குடிக்கச் சொல்லு" என்று பூனையிடம் சொல்வாள். பூனை என்னைப் பார்க்கும், நான் குடிப்பேன். நாலாம் நாள்தான் உங்களுக்குப் போன் எடுத்தேன். "இப்ப ஆரு மச்சான் டெக் பாவிக்கிற? டீவிஆர் ஒண்டு வாங்குங்க, எல்லாம் பதியும்" என்று சொன்னது நீங்கள்தானே? மறுக்க வேண்டாம்.

கல்முனை பஸாரில் ஒரு கடைக்குப் போனேன்.

"தம்பி, டீவிஆர் இரிக்கா?"

"இரிக்கி காக்கா. நாலு சனலா, எட்டுச் சனலா?"

"எங்கட வீட்டுல பாக்கிற ஒரு சனல்தான்."

"ஒண்டுக்கு வாறல்ல காக்கா, கொறஞ்சது நாலு."

மற்ற மூன்றில் நான் கிரிக்கெட் பார்க்கலாம் என்று மனதுக்குள் குளிர்ந்துபோனேன்.

"எத்தின நாளைக்குப் பதிவு நிக்கும்?"

"ஒரு மாசம் நிக்கும்."

"மழைக்குப் படம் நிண்டுருமா?"

"என்ன காக்கா நீங்க, எந்த மழைக்கும் நிக்காது. இருட்டிலயும் தெளிவா விழும். நாங்களே வந்து பூட்டித் தருவம்."

பாருங்கள் மச்சான், இந்தச் சம்பாஷணையில் என் பிழை எது? அவன் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. பின்னேரம் ஏணியோடு இரண்டு பேர் வந்து, வாசலில் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று, மதிலில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று என்று கமெரா பூட்டத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் ஊரில் டீவிஆர் என்றால் கள்ளன் பிடிக்கிற பெட்டி, நாலு சனல் என்றால் நாலு கமெரா. ஆனால் வாங்கப் போவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாயால் "பிழை வந்துட்டு" என்று எப்படிச் சொல்வது? ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்ரமின் உம்மா ஹிமாயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கமீலா றாத்தா, காக்கா ஒங்களச் சந்தேகப்படுறாரா?"

"இல்ல புள்ள, அவரு அவரையே சந்தேகப்படுறாரு" என்றாள் உங்கள் றாத்தா. ஒரு கிழமைக்குப் பிறகு என்னைப் பற்றி அவள் மனிதரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அன்றிரவு படுத்துக்கொண்டே ஒரு யோசனை போட்டேன். மண்டபக் கமெராவைத் திருப்பி டீவிக்கு நேரே வைத்துவிட்டால்? டீவியில் ஓடுவது அப்படியே பெட்டிக்குள் விழுந்துவிடும். சோதித்துப் பார்த்தோம், சத்தம் இல்லை, படம் விழுந்தது. "சத்தம் வேணாம், மொகத்தப் பாத்தே நான் வெளங்குவன்" என்று கமீலா பூனையிடம் சொன்னாள்.

கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை. பாங்கு சொன்னது. அவள் உள் அறையில் தொழப் போனாள். "நான் பள்ளிக்குப் போறன்" என்று சத்தமாகச் சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு நானும் புறப்பட்டேன்.

இஷாவுக்குப் பிறகு கமீலா பெட்டியைப் போட்டாள். திரையில் டீவி தெரிந்தது. பாட்டு ஓடுகிற இடம். பிறகு ஒரு கதிரை வந்தது. கதிரையில் ஒரு ஆள் வந்து குந்தினார். தொப்பி போட்ட தலை. கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றினார், நடுவில் வழுக்கை. அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் அந்த வழுக்கைதான் நாடகம். நெஸ்ரினும் இல்லை, ஒருவரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் அந்த ஆளின் தோள் குலுங்கியது, சாரன் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். வாசலால் போய்க் குசினியால் திரும்பி வந்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்று வருடமாக "விசர் நாடகம்" என்று பழித்துக்கொண்டு, கதவிடுக்கால் ஒரு பகுதி விடாமல் பார்த்தவனும் அவன்தான். அன்றைய தொழுகையை நாடகம் முடிந்ததும் வீட்டிலேயே தொழுதேன், அல்லாஹ் அறிவான், கமெரா அறியாது.

கமீலா பெட்டியை நிப்பாட்டினாள். திரும்பினாள். பூனை வீட்டில் இல்லை.

"என்னத்துக்கு அழுதீங்க?"

"சந்தோசத்துல, புள்ள."

"அப்ப அவ பொழைச்சாளா? குந்துங்க. மொதல்ல இரிந்து சொல்லுங்க, ஒண்டும் உடப்படா."

குந்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து தொடங்கி, டொக்டராகவும் மாமியாகவும் நெஸ்ரினாகவும் நானே கதைத்து, அவள் கண் திறந்து புருசனின் கையைப் பிடித்த இடம் வரைக்கும், பார்த்ததைப் பார்த்தபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தேன். கமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிளேண்டி ஊத்தவா?" என்று என்னிடமே கேட்டாள்.

ஆகையால் மச்சான், அடுத்த மாத லீவுக்கு வரும்போது, உங்கள் றாத்தாவுக்குச் சொல்லாமல், டீவியில் இருந்து நேரே பதிகிற பெட்டி ஒன்று எப்படியாவது தேடிக் கொண்டுவாருங்கள். கமெரா இல்லாதது என்று மூன்று தரம் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஹயாத்திலும் தொழிலிலும் றப்பு பரக்கத்துச் செய்வானாக. எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள், முக்கியமாக எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
முத்தலிப்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஹிமாயா வந்து, "பாவம் றாத்தா, அந்த நெஸ்ரின் மௌத்தாகிட்டாளே" என்றாள். கமீலா, "நீ வேற நாடகம் பாத்திரிப்பாய். எங்கட மனிசன் முழுசாப் பாத்து அழுதவரு" என்று அவளை அனுப்பிவிட்டாள். ஹிமாயா சொன்னதுதான் மச்சான் உண்மை. பத்து நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறவளிடம் நெஸ்ரினை எப்படிக் கொல்வது, நான்தான் பிழைக்க வைத்தேன். மண்டபக் கமெராவை இப்போதே வாசலுக்குத் திருப்பிவிட்டேன். பெட்டி வேண்டாம். அடுத்த மாதம் சனல்காரன் அதே மஃரிப் நேரத்தில் நாடகத்தின் கடைசிப் பகுதிகளைத் திரும்பப் போடுகிறானாம். நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கினால் நெஸ்ரின் இன்னொரு தரம் மௌத்தாவாள், கூட நானும்.