மூன்றாம் மாடியின் பூஜ்ஜியம்

மீட்டர் மறுபடியும் ஏறியிருந்தது. மூன்றாம் மாடி வராந்தாவில் மின்சாரப் பெட்டியின் மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்ற மின்னியல் பேராசிரியர், "யாரோ திருடறாங்க" என்று முணுமுணுத்தார்.

பல்கலைக்கழகம் அந்த மாடியை ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தது. கூரையில் பதித்த சூரியத் தகடுகள் எவ்வளவு கொடுக்கின்றனவோ அதற்குள் மாடி முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் பூஜ்ஜியம். இதற்காக மின்னியல், சமூகவியல், பொருளாதாரம் என்று ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத மூன்று துறைகளைப் பிடித்து ஒரே மாடியில் அடைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி என்றால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். பேராசிரியர் பழையபடி முதலாண்டு மாணவர்களுக்குப் பாலபாடம் நடத்தப் போக வேண்டும்.

ஒரே ஆறுதல், வீட்டில் அவர் ஜெயித்துவிட்டார். இதே ஆராய்ச்சிக்கு மாதிரி வீடாகத் தன் வீட்டையே கொடுத்திருந்தார். கூரையில் இரண்டு தகடு, இரவுக்கு ஒரு பேட்டரி. "வெளிக் கரண்ட் ஸ்விட்சை யாராவது தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று மனைவியையும் மாமனாரையும் மிரட்டி வைத்ததில், வீட்டு மீட்டர் மாதக்கணக்கில் அசையவே இல்லை. வீட்டில் முடிகிறது, படித்தவர்கள் இருக்கிற இடத்தில் முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அர்த்தம்.

சந்தேகம் முதலில் சமூகவியல் மேடம் மேல் விழுந்தது. அறை அறையாகப் போய் எல்லோரிடமும் பேச்சுக் கொடுப்பது அவர் தொழில். போகிற இடமெல்லாம் கையில் சூடாக டீ வேறு.

"இந்தக் கெட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொதிக்குது மேடம்?"

"தோணறப்பல்லாம் கொதிக்குது சார். ஏன், யார் மேலயாவது சந்தேகமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லணுமா, முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனமில்லாதவர் எதற்காகச் சிரிக்க வேண்டும்? அன்றைக்கே கெட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மீட்டர் குறையவில்லை, எகிறியது. பொதுக் கெட்டில் போனதும் ஆளாளுக்கு ஒரு கெட்டில் வாங்கி வந்து மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் கைப்பையிலிருந்தே ஆவி வந்ததைப் பேராசிரியர் கண்ணால் பார்த்தார்.

அடுத்து ஒவ்வொரு அறைக்கும் ஓர் அளவுக் கருவி மாட்டினார். அறைக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். கருவிகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் குடித்தன. போதாக்குறைக்குப் பொருளாதாரப் பேராசிரியர் வேறு உற்சாகமாகிவிட்டார்.

"என் பங்குல பாதியை மேடத்துக்கு வித்துட்டேன் சார்."

"விக்கறதா? அப்ப உங்க ரூம் ஹீட்டர் எப்படி ஓடுது?"

"ஜன்னல் வழியா கீழ் மாடியிலேருந்து ஒயர் இழுத்துட்டேன். கீழ் மாடி நம்ம கணக்குல வராதில்ல?"

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"கோட்டுக்கு வெளியே தள்ளிட்டா யார் கணக்கும் பூஜ்ஜியம்தான் சார். இதைப் பத்தித்தான் நான் கட்டுரையே எழுதறேன்."

இந்த ஆளையும் கவனிக்க வேண்டும் என்று பேராசிரியர் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆனால் சாயங்காலம் கருவிகளைப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது. மாடியிலேயே அதிகமாகக் குடித்திருந்த அறை, அவருடைய அறை.

அவர் அங்கே இருப்பதே இல்லை. காலையில் வகுப்பு, மதியம் மின்சாரப் பெட்டிக்கு முன்னால் காவல். அப்படியென்றால் யாரோ அவர் அறைக்குள் புகுந்து, அவர் கரண்டை எடுத்து, பழியை அவர் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள். கோபத்தில் காது சிவந்துவிட்டது.

கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மாமனார்தான். சந்தேகப்பட்டால் வீட்டுக்குப் போக முடியாது. மாமனார் தினமும் மதியச் சாப்பாட்டைச் சக்கரம் வைத்த பெரிய பையில் இழுத்து வந்து, மாப்பிள்ளையின் அறையில் பேப்பர் படித்துவிட்டுச் சாயங்காலம் காலிப் பாத்திரத்தோடு திரும்பிப் போகிறவர்.

"மாமா, இனிமே நீங்க இந்த ரூமை விட்டு நகரக் கூடாது. கதவை உள்பக்கம் பூட்டிக்குங்க. எவனும் பிளக் பக்கம் வரக் கூடாது."

"காலையிலேயே வந்துடட்டுமா மாப்பிள்ளை?"

"தாராளமா."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் மாமனார்.

மறுநாள் அந்த அறையின் கணக்கு இரட்டிப்பானது.

"யாராவது வந்தாங்களா மாமா?"

"ஈ காக்கா வரலை. பூட்டின கதவைத் திறக்கவே இல்லை."

பேராசிரியருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருவியிலேயே கை வைத்திருக்கிறார்கள். குழுவுக்கு முன்னால் முகத்திரையைக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் தலைவர் மின்சாரப் பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பூஜ்ஜியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"நாசவேலை சார்" என்றார் பேராசிரியர். "யார்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கையில இப்பவும் டீ இருக்கு."

எல்லோரும் சமூகவியல் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக ஒரு வாய் குடித்தார். "சார், கருவி உங்க ரூமைத்தான் காட்டுது. உள்ளே போய்ப் பார்த்துடலாமா?"

"என் ரூமைச் சோதனை போடுவீங்களா? உள்ளே என் மாமனார் இருக்கார். அவரை அவமானப்படுத்த விட மாட்டேன்."

"சண்டை வேண்டாம்" என்று தலைவர் கையைத் தூக்கினார். "இந்த மாடி தோத்துடுச்சு, விடுங்க. ஆனா உங்க வீட்டுக் கணக்கைப் பார்த்து அசந்துட்டோம். ஒரு சாதாரணக் குடும்பம், வெளிக் கரண்ட் ஒரு துளி வாங்காம இத்தனை மாசம் ஓட்டியிருக்கு. இதுதான் எங்களுக்கு வேணும். அந்த வீட்டை நம்பியே ஆராய்ச்சியை நீட்டிக்கறோம். நீங்கதான் தலைமை."

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. பாலபாடம் இல்லை, தப்பித்தார். சந்தோஷத்தில் தலை கால் புரியாமல் மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். மின்சாரப் பெட்டிக்குப் போய், "இந்த நிமிஷத்துலேருந்து இந்த மாடியும் என் வீடு மாதிரிதான்" என்று சொல்லி மெயினை இழுத்து அணைத்தார். வராந்தா விளக்குகள் போயின. குழு கை தட்டியது.

அவர் அறையின் தாழ்ப்பாள் திறந்தது. மாமனார் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு, பையிலிருந்து தொங்கிய ஒயரைக் கையில் பிடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கரண்ட் போயிடுச்சே, நம்ம வீட்டு பேட்டரி இன்னும் பாதிகூட ஏறலையே."