ஆண்டியப்பன் தின்ற அரை மணி

ஐம்பத்தி நாலாம் வருஷம் தை மாதம், இலங்கைத் தபால் சேவையை நான் ஒருவனே திருத்திவிடுவதென்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். பாலத்தடித் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீசில், நான் சின்னக் கிளாக்கர். பெயர் சின்னராசா. "பேரும் சின்னது, வேலையும் சின்னது, கோவம் மட்டும் பெரிசு" என்பாள் என் மனைவி நாகலெட்சுமி. அவள் கிடக்கட்டும். கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. தபால் நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று நாடு முழுக்க அளக்கிறார்களாம். தபால் பை டவுன் தபால் கந்தோரை விட்ட நேரம் ஒரு கட்டத்தில். தோட்டத்துக்கு வந்த நேரம் அடுத்த கட்டத்தில். இருபத்தொரு நாள் எழுத வேண்டும். மூன்று மைல் நடைக்கு ஐம்பது நிமிடம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். அதற்கு மேல் ஆனால் காரணம் எழுத வேண்டும்.

தோட்டத்தை நடத்தும் துரை அதை என் மேசையில் போட்டார். சரியான ஆளிடம்தான் போட்டார். கந்தோர்க் கடிகாரத்துக்குத் திங்கட்கிழமை தோறும் சாவி கொடுப்பவன் நான். முள்ளைத் தொடத்தான் உரிமை இல்லை. அது துரை வைத்த முள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வந்த புதிதில், அதை ஏதோ தள்ளி வைத்தார். ஏன் என்று துரையைக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த மணிக்குத்தான் வேலைச் சங்கு ஊதும். அந்த மணிக்குத்தான் என் வீட்டு அலாரமும் ஓடும். டவுனில் கடைக்காரன் பலகையை எடுக்குமுன் எங்கள் ஆட்கள் மலையேறிவிடுவார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ரயிலுக்குப் போனால் எப்போதும் அரை மணி முந்திப் போய் நிற்பேன். என் நேர ஒழுங்கு அப்படி.

தபால் பையைச் சுமந்து வருகிறவன் ஆண்டியப்பன். காக்கிக் கோட்டு, சுருட்டை முடி, முறுக்கின மீசை. எனக்கு முன்னால் தொந்தி வரும், பின்னால் நான் வருவேன். அவனுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது.

முதல் நாள் போஸ்ட்மாஸ்டர் கொடுத்தனுப்பிய துண்டுச் சீட்டில் எட்டரை என்று இருந்தது. ஆண்டியப்பன் வந்து நின்றபோது கந்தோர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. எண்பது நிமிடம். மறுநாள் எழுபத்தொன்பது. அதற்கு மறுநாள் எண்பத்தொன்று.

தினமும் அரை மணி காணாமல் போகிறது! எங்கே போகிறது?

அவன் வரும் குறுக்குப் பாதையில் இருப்பது இரண்டே இடம். டவுன் முனையில் ராக்காயியின் வெற்றிலைக் கடை. தோட்டத்து முனையில் ஒரு வீடு. ஆண்டியப்பன் வெற்றிலை போடுவதில்லை. மிச்சம் அந்த வீடு. அந்த வீடு என் வீடு.

வயிறு எரிந்தது ஐயா, சும்மா எரியவில்லை, அதன் மேல் பானை வைத்தால் சோறு பொங்கும்.

மத்தியானம் சாப்பிடும்போது பையக் கேட்டேன்.

"நாகு, அந்தத் தபால்காரன் இந்தப் பக்கம் வாறானா?"

"வராம? பாதை இதுதானே."

"நிப்பானா?"

"ஒரு வாய் தேத்தண்ணி குடுப்பேன். பாவம், ஏறி வாற ஆளு."

"எவ்வளவு நேரம் குடிப்பான்?"

"அதையும் உங்க ஃபாரத்துல எழுதணுமாங்க?"

"சும்மா கேட்டேன்."

"நாலு மடக்கு. பையை இறக்கவே மாட்டான். என்னா நடை! கால் தரையில படுறதே தெரியல. நம்ம தோட்டத்துல யாருக்கு வரும்?"

யாருக்கு வரும் என்று கேட்டபோது அவள் என் தொந்தியைப் பார்த்தாள். நான் மோரைக்கூட வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கந்தோரில் தலைவலி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு எதிரே தேயிலைக்குள் குந்தினேன். ஆண்டியப்பன் வந்தான். நின்றபடியே குடித்தான். "வாறேங்கம்மா" என்றான். போனான். இரண்டு நிமிடம்கூட இல்லை. வேறு எவனாக இருந்தாலும் நிம்மதியாக எழுந்து போயிருப்பான். நான் யோசித்தேன். இன்றைக்கு இரண்டே நிமிடம் என்றால் என்ன அர்த்தம்? என்னைப் பார்த்துவிட்டார்கள்! இரண்டு அட்டை என் காலில் ஏறியதுதான் கண்ட பலன்.

அந்த நேரத்தில்தான் நாகலெட்சுமியின் தங்கையிடமிருந்து கடுதாசி வந்தது. மாத்தளைத் தேருக்கு வரச் சொல்லி.

"பத்து நாள் போய்ட்டு வாறேங்க. மூணு வருஷமாச்சு."

"முடியாது."

"ஏங்க?"

"முடியாதுன்னா முடியாது."

மாத்தளைக்கும் தபால் பை போகிறது. அதைச் சுமக்கிறவனுக்கு மீசை எப்படியோ, யார் கண்டது?

பதினான்காம் நாள் என் நோட்டு அவள் கையில் கிடைத்தது. தேதி வாரியாக எழுதி, ஒவ்வொரு நாளும் அதிகப்படி முப்பது நிமிடத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தேன். கடைசியில் "காரணம்: என் வீடு" என்று எழுதி, துரைக்குக் கொடுக்க ஒரு அறிக்கையும் தயாராக இருந்தது. கொடுத்தால் ஆண்டியப்பனுக்கு வேலை போகும். எனக்கு மானம் போகும். ஆனாலும் எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு எரிச்சல்.

அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அவள் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது சிரிப்பு என்று அப்போது தெரியாமல் போயிற்று.

"அப்ப அந்த அரை மணி நான் வச்சிருக்கேன்னு சொல்றீங்க."

"கணக்கு சொல்லுது."

"சரி. நாளைக்கு ஆண்டியப்பனுக்கு லீவு குடுங்க. பையை நீங்க சுமந்துட்டு வாங்க. எங்கயும் நிக்காம வாங்க. அம்பது நிமிஷத்துல வந்துட்டா நான் குத்தவாளி. உங்க காகிதத்தைத் துரைகிட்டக் குடுத்துருங்க."

"வராட்டி?"

"வராட்டி நான் மாத்தளைக்குப் போவேன். ஒரு புதுச் சேலையும் வேணும்."

ஆண்மகன் பின்வாங்குவானா?

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் எட்டரை என்று துண்டு எழுதிக் கொடுத்தார். பையைத் தோளில் போட்டேன். நடந்தேன். ஓடினேன். உருண்டேன் என்றும் சொல்லலாம். "என்னாங்கய்யா, நரி துரத்துதா?" என்று ராக்காயி கடைக்குள்ளிருந்து கத்தினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையில் ஒரு செருப்பு போயிற்று. நிற்கவில்லை. என் வீட்டு வாசலில் நாகலெட்சுமி தேத்தண்ணியோடு நின்றாள். அதையும் தொடவில்லை. நாய் மாதிரி இரைத்துக்கொண்டு கந்தோருக்குள் விழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டு.

எண்பத்திரண்டு நிமிடம்! ஆண்டியப்பனைவிட இரண்டு நிமிடம் கூட!

வீட்டுக்குப் போனேன். அவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனைங்க?"

"எண்பத்திரெண்டு."

"முப்பத்திரெண்டு நிமிஷம் அதிகம்." கோடு போட்டாள். "எங்க போயிருந்தீங்க?"

"எங்கயும் போகல! ஓடி வந்தேன்!"

"என் வாசல்ல நீங்க நிக்கல. நானே பாத்தேன். பாதையில மிச்சம் இருக்கிறது ராக்காயி கடைதான்."

"நாகு! சத்தியமா…"

"கணக்கு சொல்லுதே!"

"கணக்கு கிடக்கட்டும்! அந்தப் பாதைக்கே எண்பது நிமிஷம் ஆகும். கொழும்புக்காரனுக்கு நம்ம மலை தெரியுமா?"

"பாதைக்கே எண்பது நிமிஷம்?"

"ஆமா!"

"அப்ப ஆண்டியப்பன் எங்கயும் நிக்கல."

நான் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எண்பதுன்னா என்னைச் சந்தேகப்பட்டதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்கணும். அம்பதுன்னா ராக்காயி கடைக்கு நான் இப்பவே போய்க் கேக்கணும்."

எண்பது என்றேன். இரண்டு தரம் சொல்ல வைத்தாள். அறிக்கையை என் கையாலேயே கிழிக்க வைத்தாள். அடுப்பில் அது எரிந்தபோது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. சேலை, அரக்குக் கலரில், ஜரிகைக்கரை வைத்தது.

பயண நாள் வந்தது. அட்டன் ஸ்டேஷனில் ரயில் பத்தேகாலுக்கு. வீட்டு அலாரத்தில் பத்து மணி. அவள் இன்னும் கண்ணாடி முன்னால் ரோஜாவைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நாகு, ரயிலு போயிரும்!"

"போகாதுங்க."

"பஸ்ஸுக்கே இருபது நிமிஷம் வேணும்!"

"ஒரு ஊசி குடுங்க."

உள்ளூர எனக்கு மகிழ்ச்சி. ரயிலை விட்டுவிடுவாள், திரும்பி வந்துவிடுவாள், மாத்தளை மீசையெல்லாம் மாத்தளையிலேயே கிடக்கும். நான் அவசரப்படுத்துவதை நிறுத்தினேன். நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது என் கணக்குப்படி பத்து இருபத்தைந்து.

பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கிற சனம் அப்படியே நின்றது. மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தடிக்க ஐந்து.

"இந்த மணி நின்னு போச்சு" என்றேன்.

"ஓடுதுங்க. நம்மதுதான் ஓவரா ஓடுது." பெட்டி மேல் உட்கார்ந்தாள். "வெளிச்சத்துலயே வேலை வாங்கணும்னு துரை நம்ம மணியை அரை மணி முன்னால தள்ளி வச்சிருக்காரு. தபால் கந்தோர்ல ரயில் மணி. ஆண்டியப்பன் அந்த மணிக்குக் கிளம்பி நம்ம மணிக்கு வந்து சேர்றான். அவன் நடக்கிறது அம்பது நிமிஷந்தாங்க. தொலைஞ்சுபோன அரை மணி அந்தா, மேல தொங்குது."

நான் மறுபடி அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"பத்தேகால் ரயிலு நம்ம வீட்டு மணிக்குப் பத்தேமுக்காலுக்குல்ல ஊதுது. ஒம்பது வருஷமாக் கேக்குறேன்."

"ஆண்டியப்பனுக்குத் தெரியுமா?"

"தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். சாவி குடுக்கிறவருக்குத்தான் தெரியல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா மாத்தளைக்கு விட்டிருப்பீங்களா?"

ரயில் வந்தது. ஏற்றிவிட்டேன். அப்போதுதான் மண்டையில் ஒன்று உறைத்தது.

"அப்ப அன்னைக்கு நான் அம்பத்திரெண்டு நிமிஷத்துலயா வந்தேன்?"

"ஆமாங்க. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவள் முகம் சிவந்தமாதிரி இருந்தது. சேலையின் நிறமாகவும் இருக்கலாம். ரயில் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அவள் இல்லாத வீட்டில் அலாரம் மட்டும் அரை மணி முந்தி அடித்துக்கொண்டிருந்தது. பத்து நாளில் நாலு கடிதம் போட்டேன். நாலையும் ஆண்டியப்பன்தான் கொண்டுபோனான். பதினோராம் நாள் பையைத் திறந்தேன். மேலாக ஒரு தபால் கார்டு.

"உங்கள் கடிதம் நாலும் நேரத்துக்கு வந்தன. தபாலில் ஒரு குறையும் இல்லை. நான்தான் இன்னும் ஒரு வாரம் தாமதம். அதுவரைக்கும் ஆண்டியப்பனுக்கு நீங்கள் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவும். அரை மணி ஆனாலும் பரவாயில்லை."

சீனி எத்தனை கரண்டி என்று அவனிடமே கேட்டேன். மூன்று கரண்டியாம்.