என் மகளைப் பற்றி நான் சொன்ன ஏழு குறைகள்

என் பிள்ளையை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும். நாவூறு பட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமே! உடனே ஒரு குறையைச் சொல்லி அந்தப் புகழ்ச்சியை முறித்துவிட வேண்டும். என் அப்பா என்னைப் பற்றி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். (அதில் பாதி உண்மை என்பது வேறு கதை.) இந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்து, ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தையே கதிகலங்க வைத்தவன் நான்.

மகள் ஆரணி அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அடுத்த வருடம் இசைக்கென்று தனிப் பிரிவு உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும் என்று மூன்று வருடமாக வயலினும் கையுமாகத் திரிந்தாள். வாசித்துக் காட்டும் தேர்வில் தேறியும் விட்டாள். வகுப்பு ஆசிரியை நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு படிவம்தான் பாக்கி. அது போகாவிட்டால் இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெற்றோர் சந்திப்பு வந்தது. மனைவி சுபாவுக்கு வேலை. வாசலில் வைத்தே எச்சரித்தாள்.

"இஞ்சருங்கோ, படிவத்தை ஞாபகப்படுத்திப்போட்டு வாங்கோ. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"எனக்குத் தெரியாதோ?" என்றேன். (தெரியாது.)

ஆசிரியை மதாம் ஜூலி சிரித்த முகத்தோடு வரவேற்றார். "உங்கள் மகள் அருமையான பிள்ளை. கெட்டிக்காரி. வகுப்பில் எல்லோருக்கும் உதவுவாள். இப்படி ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை."

ஐயோ! ஒரே மூச்சில் நான்கு புகழ்ச்சி. எனக்கு வியர்த்துவிட்டது.

"இல்லை மதாம், அவள் இங்கே நடிக்கிறாள்," என்று தொடங்கினேன். "சரியான சோம்பேறி. வீட்டில் புத்தகத்தைத் தொடமாட்டாள். சாப்பிடமாட்டாள். தூங்கமாட்டாள். எங்களோடு பேசமாட்டாள். சும்மா சும்மா அழுவாள். சொன்னதெல்லாம் மறந்துவிடுவாள்."

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் விற்றுப் பழகிய பிரெஞ்சு என்னுடையது. சாதாரண நாளில் நாலு வசனத்துக்கு மேல் போகாது. அன்று பார்த்து ஒரு பிழையும் இல்லாமல் அருவியாகக் கொட்டியது. மதாம் ஜூலியின் சிரிப்பு மறைந்தது. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். என் பணிவைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்து, நாவூறு கழிந்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். படிவத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கடிதம். மாணவியின் நிலை குறித்து அவசரக் கூட்டம். பெற்றோரும் மாணவியும் கட்டாயம் வர வேண்டும். நிலைமை தெளிவாகும் வரை இசைப் பிரிவுக்கான படிவம் நிறுத்திவைக்கப்படுகிறது. கடைசி வரியைப் படித்ததும் ஆரணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அங்க போய் என்னத்தையப்பா கதைச்சனீங்கள்?" என்றாள் சுபா.

"ஒண்டும் கதைக்கேல்லை. வழமையாச் சொல்லுறதுதான் சொன்னனான்."

கூட்ட அறையின் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நீள மேசையைச் சுற்றி ஆறு பேர்! பள்ளி அதிபர், மதாம் ஜூலி, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை, உளவியலாளர், சமூக சேவையாளர், பள்ளித் தாதி. ஒரு பிள்ளைக்கு ஆறு உத்தியோகத்தர்! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மொத்தம் ஆறு பேர்தான். மேசை முனையில் ஏழாவதாக ஒருவர் இருந்தார். மொழிபெயர்ப்பாளராம். பார்த்தால், கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று கும்பிடும் புவனா அக்கா! போச்சு, இனி பக்கத்து நகரம் லவால் வரைக்கும் செய்தி போய்விடும்!

அதிபர் தாளை எடுத்து வாசித்தார். "தந்தை தெரிவித்தவை. ஒன்று, சோம்பேறி. இரண்டு, புத்தகத்தைத் தொடுவதில்லை..." சாப்பிடாதது தாதியின் பொறுப்பாம். தூக்கமும் அழுகையும் உளவியலாளர். சோம்பலும் புத்தகத்தைத் தொடாததும் மறதியும் சிறப்பு ஆசிரியை. வீட்டில் பேசாதது சமூக சேவையாளர். அவர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். என் ஏழு குறைகளையும் பங்கு போட்டு எடுத்துவிட்டார்கள். யாருமே சிரிக்கவில்லை. என் மகளுக்காக உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

புவனா அக்கா என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "தம்பி, நாவூறுக்குப் பயந்து சொன்னனீரோ?"

"ஓம் அக்கா."

"அதை நான் இவைக்கு எப்பிடியப்பா விளங்கப்படுத்துறது?"

அப்போதுதான் ஆரணியின் குரல் கேட்டது. அழவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நான் சோம்பேறி எண்டோ நீங்கள் நினைக்கிறியள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அந்தப் பிள்ளையை முகத்துக்கு நேரே நல்லவள் என்று நான் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சு என்னை அம்போவென்று விட்டுவிட்டது. தமிழில்தான் வந்தது.

"நான் விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போறவன். பின்னேரம் வந்து படுப்பன். என்ர நித்திரை குழம்பக்கூடாதெண்டு பிள்ளை குளியலறைக்குள்ள போய், கதவுக்குக் கீழ துவாயை அடைச்சுப்போட்டு வயலின் வாசிக்கிறவள். மூண்டு வருசமா. இவள் சோம்பேறி இல்லை. நான் சொன்னது ஏழும் பொய்."

பிறகு ஆரணியைப் பார்த்துச் சொன்னேன். "நான் நித்திரை கொள்ளுறேல்லையம்மா. நீ வாசிச்சு முடியுமட்டும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பன்."

புவனா அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தார். ஆரணி எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாதி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை மேசையில் தள்ளிவிட்டார். அது மதாம் ஜூலியிடம் போய் நின்றது. அன்று மாலையே படிவம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கூட்டம் என்று கூட்டினால் ஒரு திட்டம் எழுதியாக வேண்டுமாம். எழுதினார்கள், எனக்கு! வாரம் ஒரு முறை தந்தை மகளைப் பற்றி ஒரு நல்ல வசனம் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். முதல் வாரம் ஒரு வசனத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

இப்போது ஆரணி அந்த இசைப் பிரிவில் இரண்டாம் வருடம். பள்ளிக்கூடம் இனிக் கேட்காவிட்டாலும், நான் வசனம் எழுதும் அந்தத் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடியே இருக்கிறது. கறியில் உப்புக் குறைவு என்று நான் வாய் திறந்தால் போதும், "எட்டாவது குறை! கூப்பிடு அந்த ஆறு பேரையும்!" என்பாள் சுபா.

போன மாதம் பள்ளிக் கச்சேரி. பக்கத்து இருக்கைக்காரர், "உங்கட மகளோ? அந்தமாதிரி வாசிக்கிறா," என்று புகழ்ந்தார். "அவளோ, அவள் சரியான..." என்று என் வாய் தானாகத் திறந்தது. சுபா தொடையில் கிள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம், நல்லா வாசிப்பாள்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, நாவூறு கழிய, உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து ஆரணியின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். புகை எச்சரிக்கை மணி வீடு அதிர அலறியது. ஆரணி இருமிக்கொண்டே யன்னலைத் திறந்துவிட்டு, பேனாவை எடுத்து அந்தத் தாளில் எழுதினாள்:

"அப்பா இன்று சபையில் நல்ல வசனம் சொன்னார். முன்னேற்றம் உண்டு. புகையைக் குறைக்க வேண்டும்."