இருபத்தேழு பேரும் ஒரு பந்தும்

விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். பேட்டி எடுக்க வேண்டியவருக்குத்தான் திடீரென்று காய்ச்சல்.

ஆங்கிலேயரின் ஊரான நோர்பரியில் புடவைக்கடைக்கு மேலே இயங்கும் அந்தத் தமிழ் வானொலியில், குகதாசன் பன்னிரண்டு வருடமாக மரண அறிவித்தல் வாசிப்பவர். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது. காரியத்தைக் கெடுத்தால் மறுபடியும் மரணம்தான்.

கையில் ஒரு துண்டுக் காகிதம்: ‘அமெரிக்கா. பேஸ்போல் பந்து வீச்சாளர், பதினேழு வருடம். ஓய்வுக்குப் பின் வர்ணனையாளர். ஓர் ஆட்டத்தில் இருபத்தேழு பேர் வந்தும் ஒருவராலும் அடிக்க முடியவில்லை.’

குகதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரே ஆறடி மூன்றங்குலத்தில் எட்வேட். அவருடைய மனைவி இசபெல் மெலிந்த, சின்ன உருவம். இசபெலை வெளியே கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எட்வேட்டை மைக்கின் முன் அமர்த்தினார்.

எட்வேட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது; குகதாசன் முழங்கினார்.

“இருபத்தேழு பேர் அடிக்க வந்தவை, நேயர்களே! ஒருத்தராலும் ஏலேல்லை!”

சட்டனிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். “ஐயோ தம்பி, பொலிசில சொல்லேல்லையோ?”

“அம்மா, அவை அடிக்க வந்தது ஆளை இல்லை, பந்தை. எண்பது மைல் வேகத்தில வாற பந்து!”

அடுத்து ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒருவர். “எண்பதோ? எங்கட றோட்டில இருபதுக்கு மேல போக விடமாட்டினம். லைசென்ஸ் பறிக்கேல்லையோ?”

கண்ணாடிக்கு அப்பால், ஒலியைக் கவனிக்கும் தனுஷியா தலையில் கை வைத்தாள். குகதாசன் அவசரமாக எட்வேட்டின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

“அந்தப் பந்து எப்பிடி இருக்கும் ஐயா?”

எட்வேட்டின் முகம் மலர்ந்தது. “கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். தோளில் இரண்டு சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகும் அதே சத்தம்! கடைசி ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று அழுதது. நானும் அழுதேன். இப்போது வர்ணனையில், வீசுவதற்கு முன்பே அடுத்த பந்து என்னவென்று சொல்லிவிடும் அந்தக் குரல்! ஆனால், நான்...”

குகதாசன் கை கூப்பினார். தன்னைப் பற்றியே யாரோ மூன்றாம் மனிதரைப்போல் பேசுகிறாரே! என்ன பணிவு!

“நேயர்களுக்காக ஒரேயொருக்கா!” என்று, மேசையில் பந்தளவில் கிடந்த ஒரு தோடம்பழத்தை எட்வேட்டின் கையில் திணித்தார்.

எட்வேட் மிரண்டுபோய் எறிந்தார். பழம் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. கடிகாரம் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கும் கேத்திலில் விழுந்தது. பழம் உருண்டு, அரைவாசி திறந்திருந்த கதவு வழியே வெளியே போயிற்று.

“பதினேழு வருசம் உழைச்ச தோள், பாவம்,” என்று நேயர்களிடம் மன்றாடினார் குகதாசன்.

அப்போது வெளியிலிருந்து ஏதோ வந்தது. எவரும் அதைக் காணவில்லை. காதோரம் விர்ரென்று ஒரு காற்று. மூலையிலிருந்த குப்பைக்கூடை ‘டமார்’ என்று அதிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உள்ளே தோடம்பழம்.

கதவுக்கு அப்பால் இசபெல். இடது கையில் தேத்தண்ணி. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

குகதாசன் எழுந்து நின்றுவிட்டார்.

“பாத்தியளே ஐயா! உங்களோட குடும்பம் நடத்தி அவவுக்கும் வந்திட்டுது!”

காதுக்கருவியில் தனுஷியாவின் குரல் கேட்டது:

“அண்ணை, பதினேழு வருசம் பந்து வீசினதே அவதான். இவர் அவவின்ர பெட்டி தூக்க வந்தவர்.”