தங்கச்சாமியின் காதுப் பரிசோதனை

எப்படியாவது இந்தக் காதுப் பரிசோதனையில் தோற்றுவிடுவது என்று தங்கச்சாமி முடிவு செய்தார். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது எடுத்த முடிவு.

பட்டாசுக் கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சத்தம் பார்க்கும் வேலை அவருக்கு. பார்த்துப் பார்த்தே காது போய்விட்டது. போனதில் பெரிய வருத்தமும் இல்லை. மனைவி ஆவுடைத்தாய், தன் அண்ணன் மகன் பாலகுருவுக்கு மகள் ரோஜாவைக் கட்டிக்கொடுக்கும் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அந்தக் காதுதான் காப்பாற்றியது. "சம்பந்தம் பேசணும்" என்பாள். "சம்பளம் பேசியாச்சே" என்பார்.

பையன் தங்கமானவன். ரோஜாவுக்கும் ஆசைதான். ஆனால் பையனைப் பெற்ற நாகையா, ஒரு கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால், "எங்க செவிட்டு மாப்ளைக்கு இன்னொரு வடை வைங்கப்பா!" என்று கத்திவிட்டார். அது மட்டும் தங்கச்சாமிக்குத் தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது.

இப்போது காதில் மெசின் மாட்டியாகிவிட்டது. எல்லாம் கேட்கிறது. மிக்சி, பக்கத்து வீட்டுச் சண்டை, ஆவுடைத்தாய். இனி சம்மதம் என்றோ இல்லை என்றோ வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருந்தது. மெசினால் பிரயோஜனமில்லை என்று காது டாக்டரம்மாவே சொல்லிவிட்டால் நிம்மதி.

டாக்டரம்மா வாயை அட்டையால் மறைத்துக்கொண்டார். "உதட்டைப் பாக்காம, நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க ஐயா. பூட்டு."

"வேட்டு."

"படி."

"வெடி."

"நரி."

"திரி."

"கம்பெனியை விட்டு வெளியவே வர மாட்டீங்களா ஐயா?"

"என்னது, கும்மிடிப்பூண்டியா?"

ஆவுடைத்தாய் மூலையில் உட்கார்ந்து கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அடுப்படியில் அவள் "தோசை வேணுமா?" என்று முணுமுணுத்ததற்கு வாசலிலிருந்து "ரெண்டு" என்ற மனுசன்!

"மெசின் சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "பேச்சைப் புரிஞ்சுக்கத்தான் இன்னும் பழகலை. தினம் சாயங்காலம் எதிர்ல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா. ஐயா திருப்பிச் சொல்லணும். தப்பாச் சொன்னா இன்னும் சத்தமாச் சொல்லுங்க. சரியா வர்ற வரைக்கும் விடாதீங்க."

"விடமாட்டேன்," என்றாள் ஆவுடைத்தாய்.

அன்று சாயங்காலமே பாடம் தொடங்கியது.

"இருக்கன்குடிக்கு பஸ் இல்லை."

"உருளைக்கிழங்குக்கு ருசி இல்லை."

அவள் சத்தத்தைக் கூட்டினாள். அவரும் விடவில்லை. மேலும் கூட்டினாள். எதிர்வீட்டு இருளம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணாச்சி, பஸ்தான் இல்லையாம்ல! சொல்லித் தொலைங்களேன்!"

தங்கச்சாமிக்குத் தலை கிண்ணென்றது. தீபாவளி சீசன் லோடு மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொளுத்தியது மாதிரி இருந்தது. பாடம் முடிந்தால் போதும் என்று, சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"மழை வந்தா வேலை நிக்கும்."

"மழை வந்தா வேலை நிக்கும்."

"மருதாணி அரைக்கணும்."

"மருதாணி அரைக்கணும்."

"ரோஜாவை பாலகுருவுக்குக் குடுக்க எனக்குச் சம்மதம்."

"ரோஜாவை பாலகுருவுக்குக் குடுக்க எனக்குச் சம்மதம்."

உள்ளறைக் கதவு திறந்தது. வெற்றிலை, பாக்கு, பூவோடு தட்டை ஏந்தி நாகையா வந்தார். கண் கலங்கியிருந்தது. "அன்னைக்குப் பந்தியில நான் கத்தினதை மனசுல வைக்காம, உங்க வாயாலயே சொல்லிட்டீக மாப்ள!"

தங்கச்சாமி பதறி எழுந்து மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், இது பாடம்! நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்!"

"அப்ப நான் சொன்னது நல்லாக் கேட்டிருக்கு. காலையில டாக்டரம்மாகிட்ட நடிச்சிருக்கீக. நாளைக்கே போயிச் சொல்லிருவோமா?"

"கேக்கலை! ஒண்ணுமே கேக்கலை!"

"கேக்கலைன்னா, நீங்களா மனசாரச் சொன்னதுதான?"

தங்கச்சாமி அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, சம்பந்தி," என்றார்.

"இதைச் சரியாச் சொல்லிட்டீக," என்றாள் ஆவுடைத்தாய்.